பஞ்சு என்னுடையது, நெருப்பு அவருடையது

1

பெருங்களத்தூர் அன்பர்களுக்கு முதற்கண் ஒன்றைத் தெரிவித்துக்கொள்கிறேன். நான் நலமாக இருக்கிறேன். அமெரிக்காவில் ஞானப்பிரகாசம் இரத்த வாந்தி எடுத்து ஆம்புலன்சில் கொண்டுபோகப்பட்டார் என்றொரு செய்தி நம் தெருவில் உலவுவதாகவும், எனக்காகக் கோயிலில் ஒரு பூசைக்கே சொல்லிவிட்டதாகவும் பழைய நண்பர் ராமலிங்கம் கடிதம் எழுதியிருக்கிறார். செபம் எப்போதும் வீண்போகாது. ஆனால் வாந்தியும் இல்லை, இரத்தமும் இல்லை. அது வெற்றிலைச் சாறு. ஆம்புலன்ஸ் வந்தது உண்மை. அதில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்ததும் உண்மை. அது என்னை எங்கும் கொண்டுபோகவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுவது என் வழக்கம். அந்த வழக்கத்தால் எனக்கு வந்த கேடுகளை உங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். மற்றவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

என் மனைவி மறைந்தபின் மகள் மெர்சி என்னை இங்கே அழைத்துக்கொண்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்தச் சிறு நகரத்தில் அரசாங்கக் கல்லூரி ஒன்று உண்டு. அதன் வேதியியல் ஆய்வகத்திற்கு அவள்தான் பொறுப்பாளர். அதே கல்லூரியில் செவ்வாய், வியாழன் காலைகளில் எம்போன்ற வயதானவர்களுக்கு ஆங்கில வகுப்பு நடத்துகிறார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், அறுபதைத் தாண்டியபின் ஒரு கல்லூரியின் மாணவன் ஆனேன் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த இருக்கையை நான் இலேசாக மதிப்பதில்லை.

சென்ற ஆண்டின் இறுதியில் அந்தக் கல்லூரி ஓர் ஆணை பிறப்பித்தது. கட்டடத்திற்குள் மட்டுமன்று, புல்வெளி, நடைபாதை, வண்டி நிறுத்துமிடம் உட்பட வளாகம் முழுவதிலும் புகைத்தலும் எவ்வகைப் புகையிலையைப் பயன்படுத்தலும் கூடாது. ஆணைத் தாளை அகராதியோடு மூன்று முறை படித்தேன். மாணவர்கள் சிலர் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு எதிர்த்து நின்றார்கள். திறந்தவெளியில் புகைத்தால் யாருக்கு என்ன என்று கேட்டார்கள். நான் ஆணையின் பக்கம். இவர்கள் இன்று கண்டுபிடித்ததை நாங்கள் தாம்பரத்துப் பக்கம் பத்தாண்டுகளுக்கு முன்பே பலகையில் எழுதி மாட்டினோம். எழுதியவன் நானே.

அப்படிப்பட்டவன் வாயில் புகையிலை இருக்கலாமா என்று கேட்பீர்கள். இருந்தது. காலைக் காப்பிக்குப்பின் ஒரு வெற்றிலை, கொஞ்சம் சீவல், சுண்ணாம்பு, ஊரிலிருந்து வருவோர் கொண்டுவந்து தரும் புகையிலையில் ஒரு துண்டு. இதை நான் மறைத்ததில்லை. ஆனால் கல்லூரி வாசலுக்கு வெளியிலேயே துப்பி, வாய் கொப்புளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவேன். இந்த விதியை எனக்கு நானே இட்டுக்கொண்டு பதினோரு ஆண்டுகள் ஆயின. ஒரு நாளும் மீறியதில்லை.

இங்கேதான் பிசகிற்று. நம் ஊரில் கல்லூரி என்றால் மதில் இருக்கும். மதிலில் ஒரு வாசல் இருக்கும். வாசலில் ஒரு காவற்காரர் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். எது உள், எது வெளி என்பதில் ஐயமே எழாது. இந்த ஊர்க் கல்லூரிக்கு மதிலே இல்லை. தெருவோடு தெருவாக, புல்லோடு புல்லாகக் கிடக்கிறது. நீண்ட செடிவரிசை ஒன்றை எல்லை என்று நானாக முடிவுகட்டி, இத்தனை மாதமாக அதன் வெளிப்பக்கம் நின்று கொப்புளித்துவந்தேன்.

அன்று வியாழக்கிழமை. பனி பெய்து தரை வெளுத்துக் கிடந்தது. புட்டியில் கொண்டுபோன தண்ணீரால் வாயை நிறைத்துக் கொப்புளித்து முதல் வாயைத் துப்பினேன். வெண்பனியில் அது எப்படித் தெரிந்திருக்கும் என்று உங்களுக்கே புரியும். அப்போது கல்லூரிக் காவலர் ஒருவர் ஓடிவந்து என் தோளைப் பிடித்தார். இரத்தமா என்று கேட்டார். பதில் சொல்லவேண்டிய வாயில் இரண்டாவது வாய்த் தண்ணீர் இருந்தது. பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். அவர் பொறுக்கவில்லை. கையிலிருந்த பேசும் கருவியில் ஆம்புலன்சை அழைத்தார். நான் துப்பிவிட்டு, இரத்தம் அன்று, இலை என்று ஆங்கிலத்தில் சொன்னபோது சிவந்த பற்களையும் சேர்த்துப் பார்த்துவிட்டார். வெளியே சொல்ல இயலாத அச்சத்தோடு அந்த நல்ல மனிதர் என்னைப் புல்வெளியில் உட்காரவைத்துத் தம் மேற்சட்டையைக் கழற்றி எனக்குப் போர்த்தினார்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஆய்வக அங்கியோடு மெர்சி ஓடிவந்தாள். என் வாயைப் பார்த்த கணத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. அவர்களிடம் விரைவாக ஏதோ ஆங்கிலத்தில் சொன்னாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அப்படி அவள் என் முகத்தைப் பார்க்காமல் நின்றது அது இரண்டாம் முறை. முதல் முறையைச் சொல்லாமல் இது நிறைவுறாது.

2

எண்பதுகளில் தென்சென்னைப் புறநகரின் அரசுக் கல்லூரி ஒன்றில், வேதியியல் துறையில், நான் ஆய்வக உதவியாளனாக இருந்தேன். எல்லோரும் அழைத்தது அட்டெண்டர் என்று. கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை.

என் பணி விதிகளில் எழுதியிருந்தவை: கண்ணாடிக் கலங்களைக் கழுவுதல், கரைசல்களைத் தயாரித்து வைத்தல், எரிவாயுக் குழாய்களைப் பார்த்துக்கொள்ளல். எழுதாதது ஒன்று உண்டு. ஆசிரியர்களுக்கு சிகரெட் வாங்கி வருதல். யாருக்கு எந்த மார்க், யாருக்கு எத்தனை என்பது எனக்கு மனப்பாடம். வாசலுக்கு எதிரே பெட்டிக்கடை. கம்பத்தில் கட்டிய கயிற்றின் நுனி நாள் முழுதும் கனன்றுகொண்டிருக்கும். மாணவர்கள் அதில் பற்றவைத்துக்கொள்வார்கள். அட்டெண்டர் வருகிறான் என்று யாரும் ஒளித்ததில்லை. அவன் கையிலும் நான்கு சிகரெட் இருக்கிறதே.

துறைத் தலைவர் கற்றறிந்தவர். கரும்பலகையில் அவர் ஒரு வினையை எழுதி விளக்கினால் கதவோரம் நிற்கும் எனக்கே புரியும். நான் அறிந்த வேதியியல் அவர் போட்ட பிச்சை என்றே சொல்வேன். ஆனால் ஒரு சிகரெட் அணையுமுன் அடுத்ததைப் பற்றவைப்பார். சாம்பலைத் தட்ட அவர் எடுப்பது மாணவர்கள் உப்புச் சோதனை செய்யும் பீங்கான் கிண்ணம். மாலையில் அவற்றைக் கழுவுவது நான். ஒருமுறை ஒரு கிண்ணத்தை அவசரத்தில் சரியாகக் கழுவாமல் வைத்துவிட்டேன். மறுநாள் ஒரு பையனுக்குக் கொடுத்தது வெறும் குளோரைடு உப்பு. அமிலம் விட்டதும் அது நுரைத்துப் பொங்கிற்று. கார்பனேட் என்று எழுதினான். தலைவர் அவனை வகுப்பின் நடுவில் நிறுத்தி, கண் எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டார். பையனின் கண்ணில் பிழையில்லை. நுரைத்தது தலைவரின் சாம்பல்.

அன்று நான் வாய் திறக்கவில்லை. அந்தப் பையனின் முகம் என்னை வெகுநாள் விடவில்லை.

3

எண்பத்தாறில் என் மகளும் அதே துறையில் இரண்டாம் ஆண்டு மாணவி. வகுப்பில் என்னை அப்பா என்று அழைக்கக்கூடாது, நானும் அவளைப் பெயர் சொல்லி அழைக்கமாட்டேன் என்பது எங்களுக்குள் ஏற்பாடு.

ஒரு பிற்பகல் செய்முறை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நான் தயாரிப்பு அறையில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் கண்ணாடிகளைத் துடைத்து, பஞ்சைத் தகரக் கூடையில் போட்டுவிட்டு, கலங்களை எடுத்துக்கொண்டு கூடத்திற்குள் வந்தேன். அந்தக் கூடைக்கு மூடி இருந்தது, மூடவில்லை. தலைவர் தயாரிப்பு அறை வாசலில் நின்று கடைசி இழுப்பை இழுத்து, துண்டை உள்ளே விட்டெறிந்துவிட்டுத் தம் அறைக்குப் போனார். மூன்றாம் மேசையில் பியூரெட் கண்ணாடிக்குழாயைப் பிடித்தபடி வாசலைப் பார்த்து நின்றிருந்தாள் மெர்சி. அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை நான் பார்த்தேன்.

அடுத்த கணம் நீலச் சுவாலை எழுந்தது. திரைச்சீலை பற்றியது, அருகே அடுக்கியிருந்த ஒரு வகுப்பின் ரெக்கார்டு நோட்டுகள் அத்தனையும் பற்றின. மணல் வாளிகளைக் கொட்டி அணைத்தோம். எவருக்கும் தீங்கில்லை. என் புருவங்கள் பொசுங்கின, கதவு கரிந்தது, பிள்ளைகளின் ஓராண்டு உழைப்பு சாம்பலாயிற்று.

மறுநாள் முதல்வரிடமிருந்து மெமோ வந்தது. தீ விபத்திற்கான காரணத்தை மூன்று தினங்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்குமாறும், தவறினால் துறை நடவடிக்கைக்கு உள்ளாக நேரிடும் என்றும் கண்டிருந்தது. பெறுநர் நான் ஒருவனே.

நம் நாட்டின் அரசு அலுவலகங்களில் தீப்பிடித்தால் அதற்குக் காரணம் ஒன்றுதான்: மின்கசிவு. கோப்பு எரிந்தாலும் மின்கசிவு, கொட்டகை எரிந்தாலும் மின்கசிவு. ஸ்டோர் கீப்பராக இருந்த ராமலிங்கம் என் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப்போனார்.

"இன்னா ஞானம், பேஜார் பண்ணிக்கினு கீற. கரண்ட்டுனு எழுதி நீட்டிட்டுப் போய்கினே இரு. கரண்ட்டு இன்னா, எம்பேர ஏன் எழுதினேனு சண்டைக்கா வரப்போவுது?"

அவர் என் நன்மைக்கே சொன்னார். தலைவரும் ஆள்மூலம் அதையே சொல்லியனுப்பினார். வீட்டில் என் மனைவியும், ஊரோடு ஒத்துப் போங்களேன் என்றாள். இரண்டாம் நாள் மாலை மெர்சி என் எதிரே வந்து நின்றாள். எரிந்த நோட்டை மீண்டும் எழுதி எழுதி அவள் விரல் நீலமாக இருந்தது.

"அப்பா, பிராக்டிகல் மார்க் அவர் கைல இருக்கு" என்றாள். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் எதையும் பாக்கல. சரியா?"

நான் சரி என்றேன்.

பிறகு உட்கார்ந்து விளக்கத்தை எழுதினேன். தமிழை நான் பள்ளியில் அதிகம் கற்றவனல்லன். தாம்பரம் நூலகத்திலும் அலுவலகச் சுற்றறிக்கைகளிலும் கற்றவன். இருந்தும் அன்று எழுதியதில் ஒரு சொல்லையும் இன்றும் மாற்றத் தோன்றவில்லை. "ஸ்பிரிட்டில் நனைந்த பஞ்சைக் கூடையில் இட்டு மூடாமல் விட்டது என் பிழை. அதில் எரியும் சிகரெட் துண்டை எறிந்தது துறைத் தலைவரின் செயல். பஞ்சு என்னுடையது, நெருப்பு அவருடையது. மின்சாரத்திற்கு இதில் பங்கில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

4

மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து விசாரித்தார். முதல்வர் அறையில் தலைவர் நாற்காலியில் இருந்தார், நான் நின்றேன். சாட்சி உண்டா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றேன். அறிந்தே நான் சொன்ன பொய் அது. அதற்காக வருந்தியதில்லை, ஆனால் அது பொய் என்பதை மறந்ததுமில்லை.

சாட்சி இல்லை என்றதும் தலைவருக்குத் தெம்பு வந்தது. "சிகரெட்டப் பத்திப் பேசறியேப்பா, உன் வாய்ல என்ன இருக்கு? கல்கண்டா?" என்றார்.

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். காலையில் போட்ட வெற்றிலையும் புகையிலையும் என் கன்னத்தில் அடங்கியிருந்தன. அது எனக்கே அப்போதுதான் உறைத்தது. அனுமதி கேட்டுக்கொண்டு வெளியே போனேன். வாசல் வரை நடந்து, சாலையோரம் துப்பி, காவற்காரர் தண்ணீர் பிடிக்கும் குழாயில் நன்றாகக் கொப்புளித்துத் திரும்பி வந்தேன். அதுவரை அவர்கள் காத்திருந்தார்கள்.

"ஐயா, என் வாயையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். இன்றுமுதல் இந்த மதிலுக்குள் எனக்கும் வேண்டாம், எவருக்கும் வேண்டாம்" என்றேன்.

அதிகாரி சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

முடிவு இரு பகுதிகளாக வந்தது. கூடையை மூடாத கவனக்குறைவுக்காக எனக்குக் கண்டனமும், தெற்கே தொலைவிலுள்ள ஒரு கல்லூரிக்கு மாற்றலும். தலைவர் பெயர் எங்கும் இல்லை. சாட்சியில்லாத குற்றச்சாட்டு என்று தள்ளிவிட்டார்கள். ஆனால் இரண்டாவது பகுதியில், வளாகத்திற்குள் ஆசிரியர், மாணவர், பணியாளர் எவரும் புகைத்தலோ புகையிலை பயன்படுத்தலோ கூடாது என்றும், அவ்வாறு அறிவிப்புப் பலகை வைக்கவேண்டும் என்றும் இருந்தது. பெயின்டருக்கு எழுதிப்போட்டு அனுமதி வருவதற்குள் நான் போய்விடுவேன். ஆகவே ஸ்டோரிலிருந்து வெள்ளைச் சாயம் வாங்கி, பணியின் கடைசி நாளில், அந்தக் கரிந்த கதவின் பலகையில் நானே எழுதி வாசலருகே மாட்டினேன். கரியின் மேல் வெள்ளை எடுப்பாகத் தெரிந்தது.

மூன்று ஆண்டுகள் குடும்பத்தைப் பெருங்களத்தூரில் விட்டுத் தனியே கிடந்தேன். பண்டிகை நாட்களில் ஊர் முழுவதும் தெற்கே போகப் பேருந்துக்கு அடித்துக்கொண்டு நிற்கும்போது, நான் எதிர்த்திசையில் வந்து அதே நிறுத்தத்தில் இறங்குவேன். எனக்கு எப்போதும் உட்கார இடம் கிடைத்தது.

அப்படி ஒருமுறை வந்தபோது ராமலிங்கம் சொன்னார். "உங்க தலைவரு மணிக்கு ஒருவாட்டி கேட்டாண்ட நடக்கறாருப்பா. வாக்கிங் நல்லதாமே, உனக்குப் புண்ணியம்." பெட்டிக்கடைக் கயிற்றில் மாணவர்களோடு வரிசையில் நின்று பற்றவைக்கிறார் என்றும் சொன்னார். அவர் வரிசையில் நின்றதைக் கேட்டு நான் மகிழ்ந்தேன். அதைவிட ஒன்றைக் கேட்டு அவரை மதித்தேன். மெர்சிக்குச் செய்முறைத் தேர்வில் அவர் ஒரு மதிப்பெண்ணும் குறைக்கவில்லை, கூட்டவுமில்லை. அவள் பயந்தது வீண். ஆனால் பயந்த மாதங்கள் வீண் என்று ஆகுமா? அந்த மாதங்களில் அவள் என்னோடு தேவைக்கு மட்டுமே பேசினாள். பிறகு மணமாகி இங்கு வந்துவிட்டாள். தொலைபேசியிலும் தேவைக்கு மட்டுமே பேசினாள்.

5

இனி இங்கே நடந்ததற்கு வருகிறேன். ஆம்புலன்ஸ் திரும்பிப் போன மறுநாள் கல்லூரி அலுவலகம் ஒரு படிவம் அனுப்பியது. இந்த நாட்டில் ஒருவர் தும்மினாலும் அதற்கொரு படிவம் உண்டு. வீட்டுச் சமையலறை மேசையில் மெர்சி அதை எனக்காக நிரப்பிக்கொண்டிருந்தாள். பெயர், பிறந்த நாள், நிகழ்ந்த இடம். பேரன் எதிரே உட்கார்ந்து, தாத்தா வாயில் எரிமலை என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிவப்புப் பென்சிலால் என்னை வரைந்துகொண்டிருந்தான்.

கையெழுத்திடுமுன் படிப்பது என் வழக்கம். காரணம் என்ற கட்டத்தில் அவள் எழுதியிருந்த சொல்லை அகராதியில் தேடினேன். உணவு ஒவ்வாமை.

"இது எனக்கு இல்லையே, மெர்சி" என்றேன்.

"அப்பா, அலர்ஜின்னு போட்டா முடிஞ்சுது. யாரும் படிக்கக்கூட மாட்டாங்க. புகையிலைன்னு எழுதினா ரூல் மீறினதா ஆயிடும். உங்க கிளாஸ் போயிடும். எங்க ஆபீஸ்ல என் மேனேஜருக்கு லெட்டர் போகும்."

"நான் செடிவரிசைக்கு வெளியே நின்றேனே."

"அது வெளியே இல்லப்பா. ரோடு வரைக்கும் காலேஜ்தான்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆணை வந்த நாள்முதல் ஒவ்வொரு செவ்வாயும் வியாழனும் நான் அதை மீறிக்கொண்டிருந்திருக்கிறேன். அட்டை பிடித்து நின்ற பையன்களைப் பார்த்து, இவ்வளவு சின்னக் கட்டுப்பாடு முடியவில்லையா என்று மனத்துக்குள் கேட்டவன் நான்.

பேனாவை எடுத்தேன். ஒவ்வாமை என்பதை ஒரே கோட்டால் அடித்தேன். "எழுதாதீங்க" என்றாள். வகுப்பில் கற்ற ஆங்கிலத்தால், ஒவ்வோர் எழுத்தாக, அதன்மேல் எழுதினேன்: வெற்றிலை, புகையிலை, எல்லையை அறியாமல் வளாகத்தினுள், பிழை என்னுடையது. எழுத்துக்கூட்டலில் இரண்டு தவறு இருந்ததாகப் பின்னர் அறிந்தேன்.

"இதே மாதிரிதான் அன்னிக்கும் பண்ணீங்க" என்றாள். "யாரு சொன்னாலும் கேக்காம."

"ஆமாம், இதே மாதிரிதான். வகுப்பு போனால் போகட்டும். வாசலுக்கு வெளியே நின்று படித்துக்கொள்வேன். அன்று ஒருவருக்கு மின்கசிவு வேண்டாம் என்றேன். இன்று எனக்கு மட்டும் அது வேண்டுமா?"

அவள் எழுந்துபோய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்தாள். ஒன்றும் கழுவாமல் மூடினாள். பேரன் படம் வரைவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தான். எனக்கு முதுகைக் காட்டியபடியே மெர்சி சொன்னாள்.

"அன்னிக்கு நான் பார்த்தேன்ப்பா. அவர் தூக்கிப் போட்டத."

"தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சுமா சாட்சி இல்லன்னு சொன்னீங்க?"

"சரி என்று உனக்குச் சொல்லியிருந்தேனே."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, நான் எழுதியதைப் படித்தாள். அந்த இரண்டு எழுத்துக்கூட்டல் தவறுகளையும் அவள் கண்டிருப்பாள், திருத்தவில்லை. அடியில், கண்டவர் கையொப்பம் என்ற கட்டம் காலியாக இருந்தது. அது கட்டாயமில்லை என்று படிவத்திலேயே அச்சிட்டிருந்தார்கள். மெர்சி அதில் தன் முழுப் பெயரையும் எழுதி, ஆய்வகப் பொறுப்பாளர் என்று பதவியையும் எழுதிக் கையெழுத்திட்டாள்.

எச்சரிக்கைக் கடிதம் ஒரு வாரத்தில் வந்தது. எனக்கு ஒன்று, அவளுடைய மேலாளருக்கு ஒரு படி. வகுப்பை நிறுத்தவில்லை, இன்னொரு முறை நேர்ந்தால் நிறுத்துவோம் என்று எழுதியிருந்தார்கள். நேர்மையான கடிதம். பத்திரமாக வைத்திருக்கிறேன். புகையிலையை அடியோடு விட்டுவிடச் சொல்லி உங்களில் சிலர் எழுதுவீர்கள். எழுதுங்கள், பதில் தருகிறேன். ஆனால் ஆணை என்னிடம் கேட்டது அதுவன்று. வளாகத்திற்குள் கூடாது என்றது. கூடாது என்பதைக் கடைசி அடிவரை கைக்கொள்வேன். அதற்கு மேல் எவருக்கும் நான் தலைவணங்கப் போவதில்லை.

இப்போது வகுப்பு நாட்களில் மெர்சியே என்னைக் காரில் அழைத்துப்போகிறாள். கல்லூரியின் வரைபடம் ஒன்றை வாங்கி எல்லைக் கோட்டைப் பென்சிலால் தடித்து வைத்திருக்கிறாள். சாலைக்கு எதிர்ப்புறம், பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி, சாக்கடை மூடியின் அருகில் வண்டியை நிறுத்துகிறாள். சன்னல் கண்ணாடியை இறக்கித் தண்ணீர்ப் புட்டியை நீட்டுகிறாள். நான் இறங்கிக் கொப்புளித்து முடிக்கும்வரை அங்கேயே காத்திருக்கிறாள். பிறகு இருவரும் உள்ளே போகிறோம்.